கேத்திலின் அடியில் இருந்து தொடங்குங்கள்: உயர்தர இரசாயனவியலுக்கு ஆறு வார ஆயத்தம்

உயர்தர வகுப்பின் முதலாம் தவணைப் பரீட்சையில் இரசாயனவியலுக்கு எனக்குக் கிடைத்தவை 23 புள்ளிகள். விடைத்தாள் கைக்கு வந்தபோது ஒரு கேள்விக்குக் கீழே ஒரு சொல்லும் எழுதியிருக்கவில்லை. கிணற்று நீரைக் கொதிக்கவைக்கும் பாத்திரத்தில் படியும் வெண்ணிறப் பொருள் எது, அது எப்படி உண்டாகிறது என்பதுதான் கேள்வி. நான் நீர்வேலிக்காரன். எங்கள் வீட்டுக் கேத்திலின் அடியைக் கரண்டியால் சுரண்டுகிற வேலை பத்து வயதில் இருந்து என்னுடையது. அந்தப் படிவைத்தான் கேட்கிறார்கள் என்பதுகூட எனக்கு விளங்கவில்லை. அவ்வளவு தூரத்தில் இருந்தது புத்தகம்.

அடுத்த தவணைக்குள் மூன்று தனியார் வகுப்புகளில் சேர்ந்தேன். குறிப்புக் கொப்பிகள் கூடினவே தவிரப் புள்ளி கூடவில்லை. பிறகு வீட்டிலேயே ஆறு வாரம் உட்கார்ந்து, சுண்ணாம்பு என்ற ஒரே பொருளை வைத்துக்கொண்டு அடிப்படைகளைத் திரும்பப் படித்தேன். யாழ்ப்பாணக் குடாநாடே சுண்ணாம்புக் கல்லின் மேல்தான் இருக்கிறது. வேறு எதைத் தேடுவது? சாதாரண தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருப்பவர்களும், உயர்தரத்தில் சேர்ந்த முதல் மாதத்திலேயே திகைத்து நிற்பவர்களும் நான் பட்ட பாட்டைப் படவேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

1. எந்தப் புத்தகம், எந்தத் தாள்

முதலில் வேண்டியது தரம் 10, தரம் 11 விஞ்ஞானப் பாடநூல்கள். பரீட்சை முடிந்த கையோடு அவற்றைப் பாடசாலையில் திருப்பிக் கொடுத்திருப்பீர்கள், அல்லது பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் போயிருக்கும். கவலை வேண்டாம், கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழிலேயே கிடைக்கின்றன. இரண்டாவது, தேசிய கல்வி நிறுவகம் வெளியிட்ட உயர்தர இரசாயனவியல் பாடத்திட்டம், ஆசிரியர் வழிகாட்டி, வளநூல்கள். இவற்றுக்கும் காசு இல்லை.

நான் செய்த முட்டாள்தனம், வளநூல்கள் முழுவதையும் ஒற்றைப் பக்கமாக அச்சிட்டு வளையம் போட்டுக் கட்டியது. அந்தக் காசில் நல்ல இலத்திரனியல் தராசு ஒன்று வாங்கியிருக்கலாம். பாடத்திட்டத்தையும் முதல் இரண்டு அலகுகளையும் மட்டும், இரு பக்கமாக அச்சிடுங்கள். மீதியைத் திரையில் படிக்கலாம்.

கடந்தகால வினாத்தாள்களை இப்போதைக்கு வாங்க வேண்டாம். பரீட்சையின் அமைப்பு மட்டும் தெரிந்திருந்தால் போதும்: முதல் தாளில் 50 பல்தேர்வு வினாக்கள், இரண்டு மணித்தியாலம், இரண்டாம் தாள் மூன்று மணித்தியாலம். கணிப்பானுக்கு அனுமதி இல்லை. இந்தக் கடைசி விடயத்தை இன்றே மனதில் போட்டுக்கொண்டு, கீழே வரும் கணக்குகள் எல்லாவற்றையும் கையால் செய்யுங்கள். கைப்பேசியைத் தொட்டுப் பழகியவர்கள் படும் பாட்டை நான் மண்டபத்தில் பார்த்திருக்கிறேன்.

2. சொற்களுக்கு ஒரு கொப்பி

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். என்னை அதிகம் வதைத்தது இதுதான்.

பாடம் விளங்காவிட்டால் எல்லாரும் காணொளி தேடுகிறோம். தமிழில் இருக்கும் நல்ல காணொளிகளில் பெரும்பங்கு தமிழ்நாட்டில் இருந்து வருபவை. அங்குள்ள கலைச்சொல் வேறு, எங்கள் பாடநூலின் கலைச்சொல் வேறு. நாங்கள் மூலகம் என்பதை அவர்கள் தனிமம் என்கிறார்கள். எங்கள் சேர்வை அங்கே சேர்மம். தாக்கம் என்றால் வினை, ஊக்கி என்றால் வினையூக்கி, இலத்திரன் என்றால் எலக்ட்ரான், ஒட்சியேற்றம் என்றால் ஆக்சிஜனேற்றம், தாழ்த்தல் என்றால் ஒடுக்கம், நியமிப்பு என்றால் தரம்பார்த்தல். இவை புதுச் சொற்களாக இருப்பதால் கண்ணில் படும், தப்பிவிடலாம்.

இரண்டு ஊரிலும் வழங்கி, வெவ்வேறு பொருள் தரும் சொற்கள்தான் பொறி. அவர்கள் நிறை என்பது எங்கள் திணிவு. எங்கள் நிறையோ புவியீர்ப்பு இழுக்கும் விசை. அதை அவர்கள் எடை என்பார்கள். அமிலத்துக்கு எதிரானதை நாங்கள் மூலம் என்போம், அதில் நீரில் கரைவதை மட்டும் காரம் என்போம். அவர்களுக்கு எல்லாமே காரம். இந்த இரண்டாலும் நான் இழந்த புள்ளிகளைக் கூட்டினால் ஒரு சித்தி வந்திருக்கும்.

ஆகவே 80 பக்கக் கொப்பி ஒன்றில் நடுவே கோடு கீறி, இடப்பக்கம் எங்கள் சொல்லும் வலப்பக்கம் காணொளிச் சொல்லும் எழுதுங்கள். பரீட்சையில் இடப்பக்கம் மட்டும்.

இன்னொன்று. கீழே நான் குறியீடுகளைத் தராமல் பெயர்களாலேயே சொல்லிக்கொண்டு போகிறேன். நீங்களும் ஒவ்வொரு தாக்கத்தையும் முதலில் பெயரால் வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் பிறகு குறியீட்டில் எழுதிப் பாருங்கள். வாயில் வராத சமன்பாடு தாளிலும் நிற்காது.

3. வாங்கவேண்டியவை

ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு, மருந்தகத்தில் 5 மில்லிலீற்றர் ஊசிக்குழாய் இரண்டு, ஊசி வேண்டாம், வினாகிரி இரண்டு போத்தல், அப்பச்சோடா ஒரு பைக்கற்று, வெற்றிலைக் கடையில் சுண்ணாம்பு, மஞ்சள்தூள், உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரக் கட்டி, பலூன் ஆறு, ஒரே அளவான வெற்றுப் பிளாஸ்டிக் போத்தல்கள். தராசையும் சேர்த்து எனக்கு 3,000 ரூபாய்க்குள் முடிந்தது. செலவின் பெரும்பங்கு தராசுக்கே. நண்பர்கள் மூவர் சேர்ந்து ஒரு தராசு வாங்குங்கள். தினமும் தேவைப்படும் சாமான் அல்ல அது.

காசு கொடுக்காமல் கிடைப்பதும் கிடைக்கச் சிரமமானதும் மழைநீர். ஐப்பசி, கார்த்திகையில் முற்றத்தில் சட்டி வைத்துப் பிடித்து, இரண்டு மூன்று போத்தலில் அடைத்து வையுங்கள். கூரையில் வழிந்த முதல் மழை வேண்டாம். அது கூரையைக் கழுவிய தண்ணீர். கோடையில் படிக்கத் தொடங்குபவர்கள் மோட்டார்க் கடையில் பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரை வாங்கலாம். கேட்கும்போது கவனமாகக் கேளுங்கள்: பற்றரித் தண்ணீர் வேறு, பற்றரி அமிலம் வேறு. பின்னது சல்பூரிக் அமிலம், கை வெந்துபோகும். குடிநீர்ப் போத்தல் தண்ணீர் உதவாது. அதிலும் கனிப்பொருள் உண்டு.

கழிப்பறை கழுவும் திரவத்தையும் கிணற்றுக்குப் போடும் குளோரின் தூளையும் இந்த மேசைக்கே கொண்டுவரக் கூடாது. அமிலமும் அந்தத் தூளும் சந்தித்தால் குளோரின் வாயு வரும். மூடிய அறையில் அது ஆளைக் கொல்லும்.

4. கிணறு: கலவை, கரைசல், அயன்

தெளிந்த கிணற்று நீரைத் தூய பொருள் என்று நினைப்பதுதான் முதற் பிழை. அதில் ஒரு கரண்டியைக் கண்ணாடித் தட்டில் விட்டு வெயிலில் வையுங்கள். மழைநீரில் ஒரு கரண்டியை இன்னொரு தட்டில். பின்னேரம் பார்த்தால் கிணற்று நீர் வைத்த தட்டில் வெள்ளை வளையம் இருக்கும். நீர் கரைப்பான், வளையமாய் நின்றது கரையம், இரண்டும் சேர்ந்திருந்தது கரைசல். பாடநூலின் ஒரு பக்கத்தை அரை நாள் வெயில் சொல்லிவிடும்.

அந்த வெள்ளை எங்கிருந்து வந்தது? மழைநீர் மண்ணினூடாக இறங்கும்போது அங்குள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்து மெல்லிய காபோனிக் அமிலமாகிறது. அது கீழேயுள்ள சுண்ணாம்புக் கல்லைத் தின்கிறது. கல்லில் கல்சியம் காபனேற்றாக இருந்தது, நீரில் கரையும் கல்சியம் ஐதரசன்காபனேற்றாக மாறி எங்கள் வாளிக்குள் வருகிறது. நீரில் அது கல்சியம் அயனாகவும் ஐதரசன்காபனேற்று அயனாகவும் பிரிந்து திரிகிறது. அயன் என்றால் மின்னேற்றம் பெற்ற துணிக்கை. இந்த நீருக்குத்தான் வன்னீர் என்று பெயர்.

வன்மையை அளக்க ஆய்வுகூடம் தேவையில்லை. சவர்க்காரத்தைச் சீவி, 2 கிராமை 100 மில்லிலீற்றர் இளஞ்சூட்டு மழைநீரில் கரையுங்கள். சிறு போத்தலில் 20 மில்லிலீற்றர் மழைநீர் எடுத்து, ஊசிக்குழாயால் இந்தக் கரைசலில் ஒவ்வொரு துளியாக விட்டு, மூடிக் குலுக்குங்கள். நுரை ஒரு நிமிடம் கலையாமல் நின்றால் துளிக் கணக்கை எழுதுங்கள். பிறகு கிணற்று நீர். பிறகு அதே கிணற்று நீரைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, தெளிவை இறுத்து எடுத்தது.

எனக்கு மழைநீருக்கு 4 துளி, எங்கள் கிணற்றுக்கு 31, கொதித்த நீருக்கு 17. ஊர்காவற்றுறையில் மாமி வீட்டுக் கிணற்று நீருக்கு 60 துளி தாண்டியும் நுரை நிற்கவில்லை. தயிர் திரைந்தது போல வெள்ளைக் கழிவுதான் மிதந்தது. அந்தக் கழிவு, கல்சியம் அயன் சவர்க்காரத்தோடு சேர்ந்து உண்டாகும் வீழ்படிவு. கல்சியம் முழுவதும் முடிந்த பிறகுதான் சவர்க்காரம் நுரைக்க வருகிறது. மாமி ஏன் சவர்க்காரம் இருமடங்கு வாங்குகிறார் என்ற குடும்பப் புதிர் அன்றைக்குத் தீர்ந்தது.

31க்கும் 17க்கும் உள்ள வித்தியாசம் தற்காலிக வன்மை. கொதிக்கும்போது ஐதரசன்காபனேற்று உடைந்து, கல்சியம் காபனேற்று திரும்பவும் கல்லாக விழுகிறது. கேத்திலின் அடியில் நான் சுரண்டியது அதுதான். 17க்கும் 4க்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பங்கு கொதித்தாலும் போகாத நிலையான வன்மை. கல்சியம், மகனீசியம் ஆகியவற்றின் சல்பேற்றும் குளோரைட்டும் அதற்குக் காரணம்.

இங்கே ஒரு பொறி. பாத்திரம் கழுவும் திரவத்தையோ தலைமுழுகும் சம்பூவையோ வைத்து இதைச் செய்யாதீர்கள். அவை வன்னீரிலும் நுரைப்பதற்கென்றே ஆக்கப்பட்டவை. எல்லாத் தண்ணீரும் ஒன்றுபோலத் தெரியும். எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை அப்படிப் போனது.

துளி துளியாக விட்டு, முடிவைக் கண்ணால் கண்டு நிறுத்தி, கனவளவைக் குறித்தீர்கள் அல்லவா? அதற்குப் பெயர் நியமிப்பு. பாடசாலை ஆய்வுகூடத்தில் அளவியை, அதாவது துளி துளியாக விட்டு அளக்கும் குழாயை, கையில் தரும் நாளில் நீங்கள் புதியவராக இருக்கமாட்டீர்கள்.

5. ஒரு கிளாசுக்குள் குடாநாடு

எனக்குப் பிடித்த படி இது. இரண்டு நாள் எடுங்கள்.

வெற்றிலைச் சுண்ணாம்பில் ஒரு தேக்கரண்டியை அரை லீற்றர் மழைநீரில் கலக்கி, மூடி, இரவு முழுவதும் வையுங்கள். கிணற்று நீரில் கலக்கினால் தொடக்கத்திலேயே கலங்கிவிடும். காரணம் நாலாம் படியில் இருக்கிறது. காலையில் மேலே நிற்கும் தெளிவை மட்டும் இறுத்தெடுங்கள். இது சுண்ணாம்பு நீர், அதாவது கல்சியம் ஐதரொட்சைட்டுக் கரைசல். குழாயால் ஊதும்போது தவறியும் உறிஞ்சக் கூடாது, வாய் பொத்துவிடும். கண்ணில் தெறித்தால் நிறையத் தண்ணீரால் கழுவிவிட்டு வைத்தியரிடம் போகவேண்டும்.

கால் கிளாசு எடுத்து மெதுவாக ஊதுங்கள். பால்போல் ஆகும். மூச்சிலுள்ள காபனீரொட்சைட்டும் கல்சியம் ஐதரொட்சைட்டும் சேர்ந்து கல்சியம் காபனேற்றாகிவிட்டது. இதுவரை எல்லாப் புத்தகத்திலும் உண்டு. தொடர்ந்து ஊதினால் மறுபடி தெளியும் என்றும் புத்தகம் சொல்லும். நான் தலைசுற்றும் வரை ஊதினேன், தெளியவில்லை. அம்மா பயந்துபோய்க் கிளாசைப் பறித்துக்கொண்டார்.

பிழை எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் எடுத்தது. புத்தகம் சொல்வது தூய காபனீரொட்சைட்டை. எங்கள் மூச்சில் அது 4 வீதம் அளவில்தான் இருக்கிறது. நிரம்பிய சுண்ணாம்பு நீரிலிருந்து விழும் அவ்வளவு காபனேற்றையும் கரைக்க அது காணாது. ஆகவே சுண்ணாம்பு நீர் ஒரு பங்குக்கு மழைநீர் பத்துப் பங்கு சேர்த்து ஐதாக்குங்கள். கறுப்புத் துணிக்கு முன்னால் வைத்து ஊதுங்கள். முதலில் மெல்லிய மங்கல் தெரியும், பொறுமையாக ஊத அது தெளியும். தெளிந்ததைச் சிறு சட்டியில் கொதிக்கவையுங்கள். திரும்பவும் மங்கும்.

கல் கரைந்து கிணற்று நீரானது, கிணற்று நீர் கொதித்துக் கேத்தில் படிவானது, இரண்டையும் ஒரே கிளாசில் பார்த்துவிட்டீர்கள். ஒரே தாக்கம் இரு திசையிலும் போகிறது. வாயுவைக் கூட்டினால் கரையும் பக்கம், வெப்பமேற்றி வாயுவை வெளியேற்றினால் படியும் பக்கம். உயர்தரத்தில் சமநிலை என்ற அலகு வரும்போது எல்லாரும் நடுங்குவார்கள். நீங்கள் இந்தச் சட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்.

6. 100, 56, 44: மூல் என்ற மிரட்டல்

எங்கள் பழைய வீட்டுச் சுவர்கள் முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். அந்தச் சாந்தின் கதையில்தான் மூல் எனக்கு விளங்கியது.

கல்லைச் சூளையில் 900 பாகை செல்சியஸ் அளவில் சுட்டால்: கல்சியம் காபனேற்று → கல்சியம் ஒட்சைட்டு + காபனீரொட்சைட்டு. இது சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் விட்டால் சீறிக்கொண்டு கொதிக்கும்: கல்சியம் ஒட்சைட்டு + நீர் → கல்சியம் ஐதரொட்சைட்டு. இது நீறிய சுண்ணாம்பு. வெப்பம் வெளியே வருவதால் புறவெப்பத் தாக்கம். சூளையில் நடந்தது வெப்பத்தை உள்ளே இழுக்கும் அகவெப்பத் தாக்கம். சுவரில் பூசியபின் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை எடுத்து அது மெல்ல மெல்லத் திரும்பவும் கல்லாகிறது. இந்த நீற்றுதலை வீட்டில் செய்து பார்க்கவேண்டாம். தெறித்துக் கண் போனவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது கணக்கு. சார்பு அணுத்திணிவுகள்: கல்சியம் 40, காபன் 12, ஒட்சிசன் 16, ஐதரசன் 1. கல்சியம் காபனேற்றில் கல்சியம் ஒன்று, காபன் ஒன்று, ஒட்சிசன் மூன்று. 40, 12, 48. கூட்டினால் 100. கல்சியம் ஒட்சைட்டு 56, காபனீரொட்சைட்டு 44. இரண்டும் சேர்ந்தால் மறுபடி 100. நீற்றும்போது 56உடன் நீர் 18 சேர்ந்து 74. சுவரில் 74உடன் 44 சேர்ந்து, 100 கல்லாகி, 18 நீரை வெளியே விடுகிறது. எங்கும் ஒரு கிராம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

சந்தையில் தேங்காயை எண்ணி வாங்குகிறோம், அரிசியை எண்ணுவதில்லை, நிறுக்கிறோம். ஒரு மணியின் திணிவு தெரிந்தால் மூட்டையின் மணிக்கணக்கு தெரியும். அணுக்கள் அரிசியைவிடக் கோடானுகோடி மடங்கு சிறியவை. ஆகவே 6.022 × 10²³ துணிக்கைகளை ஒரு கட்டாக எடுத்து, அதற்கு மூல் என்று பெயர் வைத்தார்கள். அந்த எண்தான் அவகாதரோ மாறிலி. 100 கிராம் கல் ஒரு மூல். 18 கிராம் நீர், அதாவது மேசைக்கரண்டி ஒன்றும் கொஞ்சமும், ஒரு மூல். 58.5 கிராம் உப்பு ஒரு மூல். இந்த மூன்றையும் தராசில் நிறுத்து மூன்று கிண்ணத்தில் வைத்துப் பாருங்கள். எனக்கு மூன்று ஆசிரியர்கள் சொல்லி ஏறாதது அந்த மூன்று கிண்ணத்தில் ஏறியது.

பொறி: ஒரு மூல் ஒட்சிசன் என்று மட்டும் கேட்டால் அணுவா, மூலக்கூறா என்று பாருங்கள். அணு என்றால் 16 கிராம், மூலக்கூறு என்றால் 32.

கிணற்றுக்கும் இதே கணக்குத்தான். ஒரு லீற்றரில் கல்சியம் காபனேற்றாகக் கணித்த வன்மை 300 மில்லிகிராம் என்றால், அது 0.3 கிராம், அதாவது 0.003 மூல். லீற்றருக்கு 0.003 மூல் என்று சொல்லிவிட்டால் அதுதான் செறிவு.

7. பலூன்: எது முதலில் முடிகிறது?

எல்லைப்படுத்தும் தாக்கி (முதலில் முடிந்துபோய்த் தாக்கத்தை நிறுத்தும் பொருள்) என்ற சொற்றொடரைப் பார்த்துப் பயந்தவர்களுக்கு இது. மூன்று போத்தலில் தலா 100 மில்லிலீற்றர் வினாகிரி. மூன்று பலூனுக்குள் 3 கிராம், 6 கிராம், 12 கிராம் அப்பச்சோடா. பலூனைப் போத்தலின் வாயில் மாட்டி, சோடாவை உள்ளே கொட்டுங்கள். ஒருபோதும் மூடியால் இறுக்கி மூடாதீர்கள், போத்தல் வெடிக்கும்.

மூன்றாவது பலூன் முதலாவதைப் போல நான்கு மடங்கு ஊதும் என்று எண்ணுவீர்கள். ஊதாது. இரண்டாவதும் மூன்றாவதும் ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கும். போத்தல் ஒட்டுத்தாளில் 4 வீதம் என்று இருந்தால், 100 மில்லிலீற்றரில் அசற்றிக் அமிலம் 4 கிராம் அளவு. அதன் மூலர்த் திணிவு, அதாவது ஒரு மூலின் திணிவு, 60 கிராம், ஆகவே 0.067 மூல். அப்பச்சோடா என்பது சோடியம் ஐதரசன்காபனேற்று, அதன் மூலர்த் திணிவு 84. ஒன்றுக்கு ஒன்று தாக்குவதால் 0.067 மூல் அமிலத்துக்கு 5.6 கிராம் சோடா போதும். 12 கிராம் போட்டால் மீதி சும்மா கரைந்து கிடக்கும். நம்பிக்கை இல்லாவிட்டால் பலூனைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் வினாகிரி ஊற்றுங்கள், திரும்பவும் நுரைக்கும். எங்கள் வெப்பநிலையில் ஒரு மூல் வாயு 25 லீற்றர் அளவு இடம் பிடிக்கும். முதற் பலூனுக்கு 0.9 லீற்றர் என்று கணக்கில் வரும். கொஞ்சம் வாயு நீரில் கரைந்து நிற்பதால் உண்மையில் சற்றுக் குறையும்.

8. ஆலாத்தித் தட்டு: அமிலம், மூலம், காட்டி

அம்மம்மா ஆலாத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு கரைப்பதைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் நீர் இரத்தச் சிவப்பாகும். மஞ்சள் ஒரு காட்டி: அமிலத்திலும் நடுநிலையிலும் மஞ்சள் நிறம், அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச் எண் (7 நடுநிலை, குறைந்தால் அமிலம், கூடினால் மூலம்) 8ஐத் தாண்டும்போது சிவப்பு. மஞ்சட்கறை பட்ட சட்டையில் சவர்க்காரம் பட்டதும் சிவப்பதும் இதே காரணத்தால். சிவந்த நீரில் தேசிக்காய்ப் புளியைத் துளி துளியாக விடுங்கள். ஒரு துளியில் சட்டென்று மஞ்சளுக்குத் திரும்பும். அந்தத் துளிதான் முடிவுப்புள்ளி.

மஞ்சளை மட்டும் நம்பி நான் ஒரு பிழை விட்டேன். வினாகிரியும் மழைநீரும் மஞ்சளில் ஒரே நிறம் காட்டியதால், இரண்டும் ஒரே அளவு அமிலம் என்று எழுதிவைத்தேன். மஞ்சள் மூலத்தைத்தான் காட்டிக்கொடுக்கும். அமிலப் பக்கம் பார்க்கச் செவ்வரத்தம்பூ இதழைச் சுடுநீரில் ஊறவிட்டு எடுங்கள்: அமிலத்தில் சிவக்கும், மூலத்தில் பச்சையாகும்.

பி.எச் எண்ணைப் பற்றி ஒன்று மட்டும். ஒரு படி இறங்கினால் ஐதரசன் அயன் செறிவு பத்து மடங்கு. 3க்கும் 5க்கும் உள்ள வித்தியாசம் இரண்டு அல்ல, நூறு மடங்கு.

9. சுண்ணாம்பு கைவிடும் இடம்

இதுவரை சொன்ன சுண்ணாம்புத் தாக்கம் எதிலும் ஒட்சியேற்றம், அதாவது இலத்திரனை இழத்தல், இல்லை. கல்சியம் தொடக்கம் முதல் முடிவு வரை நேர் 2, காபன் நேர் 4. ஒட்சியேற்ற எண்ணைக் கணித்துப் பழக இது நல்ல பயிற்சி, ஆனால் இலத்திரன் கைமாறுவதைப் பார்க்க இரும்புக்குத்தான் போகவேண்டும். மூன்று புது ஆணிகள்: ஒன்று மழைநீரில், ஒன்று உப்பு நீரில், ஒன்று கொதித்தாறிய மழைநீரில் மேலே தேங்காய் எண்ணெய் ஊற்றி. ஒரு வாரம் விடுங்கள். உப்பு நீரில் துரு முந்தும். எண்ணெய்க்குக் கீழே ஆணி ஏறத்தாழ அப்படியே இருக்கும். பருத்தித்துறைக் கடலோரத்துச் சைக்கிள் சங்கிலி ஏன் ஒரு மழைக்குத் தாங்காது என்று விளங்கும்.

குத்துவிளக்கைப் புளியால் தேய்ப்பதை ஒட்சியேற்றத்துக்கு உதாரணமாக எழுதாதீர்கள். விளக்குக் கறுத்ததுதான் ஒட்சியேற்றம். புளி செய்வது, அந்த ஒட்சைட்டை அமிலத்தால் கரைப்பது.

தாக்க வீதத்துக்குத் தோசைமா போதும். ஒரே மாவை இரண்டு பாத்திரத்தில், ஒன்றை அடுப்படியிலும் ஒன்றைக் குளிர்சாதனப் பெட்டியிலும் வைத்துப் பாருங்கள். கள்ளு முட்டியில் சுண்ணாம்பு தடவினால் கருப்பணியாக இனிப்பதும், தடவாவிட்டால் புளித்து நுரைப்பதும் இதோடு சேர்ந்தவை: சுண்ணாம்பு பி.எச்சை உயர்த்திவிட, மதுவம் வேலை செய்யாது.

10. நாள் ஒதுக்குவது

முதல் வாரம் ஆவணமும் சொற்கொப்பியும். இரண்டாம் வாரம் கிணறு. மூன்றாம் வாரம் சுண்ணாம்பு நீர். வேறு எதையும் அதற்குள் திணிக்காதீர்கள். நான்காம், ஐந்தாம் வாரங்கள் மூலுக்கும் பலூனுக்கும். 100, 56, 44, 74, 18 ஐந்தையும் வைத்துத் தினமும் இரண்டு கணக்கை நீங்களே ஆக்கிச் செய்யுங்கள்: 25 கிராம் கல்லைச் சுட்டால் எத்தனை கிராம் சுட்ட சுண்ணாம்பு, எத்தனை லீற்றர் வாயு? ஆணிக்கு ஒரு வாரம் வேண்டும் என்பதால் அதை ஐந்தாம் வாரத் தொடக்கத்திலேயே நீரில் போட்டுவிடுங்கள். மீதியெல்லாம் ஆறாம் வாரம். ஒரு நாளுக்கு ஒன்றரை மணித்தியாலம் காணும்.

ஒவ்வொரு சோதனைக்கும் கொப்பியில் திகதி, அளவு, கண்டது, காரணம் என்று நான்கு வரி. எதிர்பார்த்தது வராவிட்டால் வராததையே எழுதுங்கள். எனக்கு 4 வீத மூச்சைக் காட்டித்தந்தது அப்படி எழுதிவைத்த ஒரு வரிதான். ஆறாம் வார முடிவில் கேத்திலுக்குள் அரைக் கிளாசு வினாகிரி ஊற்றி ஒரு மணித்தியாலம் விட்டு, நுரைப்பதைப் பார்த்து, அந்தத் தாக்கத்தைப் பெயராலும் பிறகு குறியீட்டாலும் எழுதுங்கள். எழுதி முடித்ததும் கேத்திலை இரண்டு தரம் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்துக் கொட்டுங்கள். நான் அதை மறந்ததால் அன்றைக்கு அப்பாவின் தேத்தண்ணீர் புளித்தது.